குழந்தையின் உடலில் ஈயம்: முடி சொல்லாது, ரத்தம் சொல்லும்

கேள்வி: என் கணவர் பழைய கார் பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். எங்கள் பகுதியில் நடந்த முகாமில் எங்கள் நான்கு வயது மகனின் முடியை வெட்டிச் சோதித்தார்கள். ஈயம் மிக அதிகம் என்று அறிக்கை கொடுத்து, மூன்று மாதம் கழிவு நீக்கும் மருந்து சாப்பிட 18,000 ரூபாய் கேட்கிறார்கள். கடன் வாங்கலாமா? - ஒரு வாசகி

பதில்: கடன் வாங்காதீர்கள், அந்த மருந்தையும் தொடங்காதீர்கள். அதற்காக விஷயத்தை அப்படியே விட்டுவிடவும் கூடாது. அப்பா பேட்டரிப் பட்டறையில் வேலை செய்தால் பிள்ளைக்குச் சோதனை அவசியம். ஆனால் அதற்கு முடி உதவாது. கையில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்தில்தான் ஈயத்தை அளக்க வேண்டும்.

பட்டறைத் தூள் அப்பாவின் சட்டையில் வீட்டுக்கு வருகிறது. அவர் பையனைத் தூக்கிக் கொஞ்சும்போதே அது அவன் தலையில் ஒட்டிவிடும். முடியில் இருக்கும் ஈயம் இப்படி வெளியிலிருந்து படிந்ததா, உடலுக்குள் போய் வந்ததா என்று நம்பகமாகப் பிரித்துச் சொல்ல வழி இல்லை. 'நன்றாகக் கழுவிவிட்டுத்தான் அளந்தோம்' என்பார்கள் முகாம்காரர்கள். எவ்வளவு போயிற்று, எவ்வளவு தங்கிற்று என்று கேளுங்கள், பதில் வராது.

இதே ஆட்கள், 'பாதரசத்தை மட்டும் முடியில் அளக்கிறார்களே' என்று மடக்குவார்கள். அது உண்மைதான். 1971-72இல் ஈராக்கில் மெத்தில் பாதரசம் என்ற பாதரசச் சேர்மம் பூசிய விதைக் கோதுமையை ரொட்டி செய்து சாப்பிட்டு ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். தாய்மார்களின் முடியைத் துண்டு துண்டாக அளந்து, கர்ப்பத்தின் எந்த மாதத்தில் எவ்வளவு விஷம் ஏறியது என்று கண்டுபிடித்தார்கள். மெத்தில் பாதரசம் முடி உருவாகும்போதே அதற்குள் கலந்துவிடும், ரத்தத்தில் இவ்வளவு என்றால் முடியில் இவ்வளவு என்ற விகிதமும் தெரியும் என்பதால்தான் அது சாத்தியமானது. அதுவும் உணவு வழியாகப் போன மெத்தில் பாதரசத்துக்குத்தான் பொருந்தும். நகைப் பட்டறையில் மூச்சோடு போகும் பாதரச ஆவிக்குச் சிறுநீரைத்தான் பார்க்க வேண்டும். பாதரசத்துக்கான இந்த விதிவிலக்கைக் காட்டி ஈயத்துக்கு முடி வெட்டுவது ஏமாற்று வேலை.

இன்னொரு பொறி இருக்கிறது. முதலில் ஒரு மாத்திரையோ ஊசியோ கொடுத்து, பிறகு சிறுநீரைப் பிடித்து அளப்பார்கள். அந்த மருந்து உலோகத்தை இழுத்து வெளியே தள்ளும். எவர் உடம்பிலும் அப்போது அளவு ஏறித்தான் காட்டும். அதை மருந்து சாப்பிடாதவர்களின் வரம்போடு ஒப்பிட்டுச் சிவப்பு மையில் 'ஆபத்து' என்று அச்சிட்டுத் தருவார்கள். தேவையில்லாத இந்த மருந்துகள் சாதாரணமானவை அல்ல. 2005இல் அமெரிக்காவில் உலோகத்தை வெளியேற்றும் இடிடிஏ மருந்தின் தவறான வகை செலுத்தப்பட்டு, ரத்தத்தில் கால்சியம் சரிந்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள்.

சோதனைக்குப் போகும்போது ஆய்வகத்தில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ரத்த ஈயச் சோதனைக்கே என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசியத் தர வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா? வாசலில் மாட்டியிருக்கும் சான்றிதழ் சர்க்கரைச் சோதனைக்கு மட்டும் வாங்கியதாக இருக்கலாம். ஈயம் கலக்காத குழாயில்தான் ரத்தம் எடுக்கிறார்களா? விரல் நுனியில் குத்தி எடுத்தால், தோலில் ஒட்டிய தூளே அளவை ஏற்றிவிடும். அப்படித்தான் எடுப்பார்கள் என்றால் பையனின் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கொடுங்கள். அதிகமாக வந்தால் கை நரம்பில் எடுத்து உறுதிசெய்யாமல் நம்பாதீர்கள்.

அறிக்கை வந்ததும் எண்ணைவிட முதலில் அலகைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்பதும் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்பதும் ஒன்றுதான். ஐம்பதைப் பார்த்துப் பதறிய பெற்றோரிடம் உடனே மருந்தை விற்றுவிடுகிறார்கள்.

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஈயத்தை வெளியேற்றும் மருந்து குழந்தைகளுக்குப் பொதுவாக 45க்கு மேல் போனால்தான், அதுவும் மருத்துவமனைக் கண்காணிப்பில். அதற்குக் கீழே ஈயம் வரும் வழியை அடைப்பதும், இரும்புச் சத்தும் கால்சியமும் குறையாமல் பார்த்துக்கொள்வதும்தான் வைத்தியம்.

ஈயம் வரும் அந்த வழியை நீங்களே அடைக்கலாம். கணவர் பட்டறையிலேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டு வரட்டும். குளிக்க இடமில்லை என்றால் வீட்டுக்குள் நுழையும் முன் வெளியிலேயே சட்டையைக் கழற்றட்டும். அந்தத் துணியைப் பிள்ளையின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். தரையை விளக்குமாற்றால் பெருக்கினால் தூள் பறக்கும். ஈரத் துணியால் துடையுங்கள். நைஜீரியாவின் சம்ஃபாரா பகுதியில் 2010இல் ஈயம் கலந்த தங்கத் தாது அரைத்த தூளால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்தபோது, கிராமத்தைச் சுத்தம் செய்த பிறகுதான் அங்குள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். அழுக்கு வீட்டுக்கே திரும்பினால் மருந்து வீண்.

இதையெல்லாம் ஒரு தாய் தானாகத் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. ஈய நச்சு, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே மருத்துவர் அரசுக்கு அறிவித்தாக வேண்டிய தொழில் நோயாகச் சேர்க்கப்பட்டது. பலகைகூட இல்லாத பட்டறையை எந்தப் பதிவேட்டில் தேடுவது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனையைக் கேட்டால் விழிக்கிறார்கள். அந்த வெற்றிடத்தில்தான் முகாம்காரர்கள் கத்தரிக்கோலோடு வருகிறார்கள்.

கணவரும் அதே நாளில் ரத்தம் கொடுக்கட்டும். நீங்கள் கர்ப்பமாக இருந்தால் நீங்களும் கொடுங்கள். எலும்பில் பல ஆண்டுகள் தங்கும் ஈயம் கர்ப்ப காலத்தில் இளகி ரத்தத்துக்கு வரும். பையனின் அளவு 5ஐத் தொட்டிருந்தாலோ தாண்டியிருந்தாலோ, வீட்டைச் சுத்தம் செய்த பிறகு ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதே ஆய்வகத்தில் மறுபடி பாருங்கள். 45ஐ நெருங்கினாலோ, வாந்தியோ வலிப்போ வந்தாலோ, அன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள்; அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதை அங்கே முதலிலேயே சொல்லுங்கள்.