ஸ்கேலிங் முடிஞ்சா வலது கழுத்து இறுகுது: பதில்

பல் காறையைச் சுரண்டி எடுக்கிற ஸ்கேலிங் வேலை முடிஞ்சா வலது கழுத்து இறுகுது, தலையணையை மாத்தணுமான்னு கேட்டிருக்கீங்க. தலையணையை விடுங்க தம்பி, நோயாளி நாற்காலியோட உயரத்தையும் சாய்வையும் மாத்துங்க. மேல் கடைவாய்ப்பல் ஸ்கேலிங் செஞ்ச நாள்ல மட்டும் வலிக்குதுன்னா, வாய்க்குள்ள வைக்கிற சின்னக் கண்ணாடியில பார்க்காம நேரே எட்டிப் பார்க்கிறதுதான் காரணமா இருக்கும். பல் கிளினிக்ல பயிற்சிக்குப் போன புதுசுல நானும் அப்படித்தான் வளைஞ்சு கிடந்தேன்.

நாளைக்கே பக்கத்து நாற்காலியில வேலை பார்க்கிற ஆளை விட்டு, நீங்க வேலை செய்யும்போது பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுங்க. தலை 20 டிகிரிக்கு மேல குனிஞ்சிருக்கா? வலது தோள் காதுப்பக்கம் ஏறியிருக்கா? நோயாளியோட வாய் உங்க முழங்கை மட்டத்துல வரணும். மேல் பல்லுக்கு அவரை நல்லா சாய்ச்சு, 12 மணி நிலையில, அதாவது அவர் தலைக்கு நேர் பின்னால, உட்கார்ந்து கண்ணாடி வழியா பாருங்க. முதல்ல கை தடுமாறும், விட்டுடாதீங்க.

களியக்காவிளை வரை பஸ்ல நின்னுட்டே வர்றதா சொன்னீங்களே, வலது தோளுக்கு ஓய்வு கிடைக்க கம்பியை இடது கையால பிடிங்க.

ராத்திரியில கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனா மணிக்கட்டு நரம்பு அழுத்தமா இருக்கலாம். அப்போ தைலம் தேய்ச்சுட்டு இருக்காம எலும்பு மூட்டு (ஆர்த்தோ) டாக்டரைப் பாருங்க.