உறுமியை நிறுத்திவிட்டு எழுதச் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் இளையர்களுக்காக மாதம் ஒரு கதைப்பட்டறை நடத்துகிறோம். 'இங்கே தமிழராக இருப்பது' பற்றி எழுத வைக்க, சென்ற மாதம் பழைய திரைப்பாடல்கள் நான்கைப் போட்டோம். வந்திருந்த எல்லோருமே பாட்டியையும் ஊர் மழையையும் எழுதினார்கள். அவர்களில் பலர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. இசையைக் கொண்டு எழுத வைப்பது வீண் வேலையா? கதைக்குள் பாட்டு வரிகளைச் சேர்க்கலாமா?

— ம.

அன்புள்ள ம.,

வீண் வேலை இல்லை. தேர்ந்தெடுத்த இசைதான் பிசகு. திரைப்பாட்டில் சொல்லும் இருக்கிறது, காட்சியும் இருக்கிறது. எழுத வருகிறவருக்கு அதில் இடமே மிச்சமில்லை. கவிஞர் சொல்லி முடித்த ஏக்கத்தைப் பிள்ளைகள் உரைநடையில் திருப்பித் தந்திருக்கிறார்கள்.

அடுத்த மாதம் உறுமி மேளம் போடுங்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்றும் இளைஞர்கள் குழு சேர்த்து வாசிக்கும் இசை அது. உங்கள் பிள்ளைகளுக்கு நேரடியாகத் தெரிந்தது. உறுமி இடை சுருங்கிய இருமுகத் தோற்கருவி. ஒரு முகத்தை அடிப்பார்கள், மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பொலி அருவருப்பையும் தரும், புல்லரிக்கவும் வைக்கும். இரண்டுக்கும் இடமிருப்பதால்தான் கதைக்கு அது நல்லது.

பாட்டில்லாத 3 நிமிடத் துண்டு ஒன்று போதும். முதல்முறை பேனாவைத் தொடாமல் கேட்கட்டும். இரண்டாம் முறை, உடம்பில் என்ன நடக்கிறது என்பதை வினைச்சொற்களாக மட்டும் குறிக்கட்டும்: அதிர்கிறது, இழுக்கிறது, எரிச்சலூட்டுகிறது. 'உருக்கமான', 'கம்பீரமான' வகையறாவை அடியோடு தடுத்துவிடுங்கள். பிறகு இசையை நிறுத்திவிட்டு, அந்தச் சத்தம் எட்டும் தூரத்தில் இருக்கும் மூன்று பேரைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். ஒருவர் வாசிப்பவர். ஒருவர் அந்தச் சத்தத்தால் கூச்சப்படும் தமிழர். ஒருவர் தமிழரல்லாத அண்டைவீட்டார். கூச்சப்படுகிறவரின் பக்கத்திலிருந்து 20 நிமிடம், முழு அமைதியில், எழுத வேண்டும்.

அமைதி கட்டாயம். பின்னால் இசை ஓடிக்கொண்டிருந்தால் எழுதுகிறவருக்குத் தன் வாக்கியமும் துடிப்பதாகத் தோன்றும். வாசகருக்கு அந்த மேளம் கேட்காது; தாளில் இருப்பது மட்டும்தான் கிடைக்கும். அந்தத் துண்டைக் கேட்டிராத ஒருவரிடம் மறுநாள் படிக்கக் கொடுத்தால் எங்கே தொய்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

'நான் யார்' என்று கேட்டால் பிள்ளைகள் கட்டுரைதான் எழுதுவார்கள். 'சத்தத்தைக் குறைக்கச் சொல்வது யார், எந்த மொழியில்?' என்று கேளுங்கள். உரையாடல் தானாக வரும். அதில் சிங்கப்பூர்த் தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலந்து வந்தால் எழுத்துத் தமிழாகத் திருத்த வேண்டாம். வீட்டில் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே இருக்கட்டும்.

உங்கள் ஊரிலேயே இதற்கு இன்னும் வளமான பொருள் கிடக்கிறது. தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973இல் தடை வந்தது. குழுக்களுக்குள் போட்டியும் கைகலப்பும் எழுந்து ஊர்வலம் குலைந்ததே காரணம் என்றது அரசு. நேரடி இசைக்கு 2016இல்தான், அதுவும் பாதையில் மூன்று இடங்களில் மட்டும், இடம் கொடுத்தார்கள். அந்த ஆண்டு சிராங்கூன் சாலை பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில் வரை காவடி தூக்கி நடப்பவரை நினைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் மேளம் இருக்கிறது, அதைத் தாண்டினால் இல்லை. அந்த இடைவெளியில் கால் எதைப் பற்றிக்கொண்டு நடக்கிறது? கூட வரும் குடும்பம் என்ன செய்கிறது? அதே நாளில் மலேசியாவின் பத்துமலையில் உறுமிச் சத்தத்தோடு 272 படி ஏறும் பெரியப்பா மகனுக்கு இவர் என்ன செய்தி அனுப்புவார்? புலம்பெயர்ந்த சமூகத்தின் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் இனிமையில் நின்றுவிடுகிறார்கள். எங்கே அனுமதி, எங்கே நிறுத்தம், யார் காதில் அது இரைச்சல் என்பதில்தான் கதை இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். இந்த ஒரு பயிற்சிக்கு முழு அமர்வையும் ஒதுக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. கருவிகளின் பெயர்களையும் தாளக் கணக்கையும் அடுக்கினால் உண்மைத்தன்மை வந்துவிடும் என்று சிலர் நம்புவார்கள். பாத்திரத்துக்குத் தெரியாத பெயர் கதையில் வரக்கூடாது.

பாட்டு வரிகளைப் பொறுத்தவரை, பட்டறைக்குள் இருக்கும்வரை கவலையில்லை. தொகுப்பாக அச்சிடும்போது உரிமை குறுக்கிடும். பாடலாசிரியர் இறந்து இந்தியாவில் 60 ஆண்டுகளும் சிங்கப்பூரில் 70 ஆண்டுகளும் வரை வரிகளுக்குக் காப்புரிமை உண்டு. முன்பே அனுமதி கேளுங்கள். அதைவிட, வரியை எடுத்துவிட்டு, அதைப் பாத்திரம் தப்பும் தவறுமாக முணுமுணுப்பதையும் எந்த இடத்தில் மறந்துபோய் நிறுத்துகிறது என்பதையும் எழுதச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் வரி தேவைப்படாது.