தட்டுக்காகவே பிறந்த இசை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

லோ, காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் போன்ற குழுக்களின் துயரமும் கனமும் நிறைந்த ஆல்பங்களை ஓராண்டாகக் கைப்பேசியில் கேட்டுவருகிறேன். இப்போது அவற்றை வினைல் தட்டுகளாக வாங்க ஆசைப்படுகிறேன். விலை மலைக்க வைக்கிறது. "அழுவதற்கு இவ்வளவு செலவா?" என்கிறார் அம்மா. ஏற்கெனவே கேட்டதையே மீண்டும் காசு கொடுத்து வாங்குவது வீண்தானா?

க.

அன்புள்ள க.,

நீங்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டதாக நினைப்பதைத்தான் முதலில் மறுக்க வேண்டும். காட்ஸ்பீட் குழுவின் முதல் தட்டான 'எஃப் ஷார்ப் ஏ ஷார்ப் இன்ஃபினிட்டி'யை (F♯ A♯ ∞) எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் கனடாவின் மொன்ட்ரியால் நகரிலுள்ள கான்ஸ்டலேஷன் என்ற சிறு நிறுவனம் முதலில் 500 பிரதிகள்தான் வெளியிட்டது. உறைகளைக் கையாலேயே தயாரித்தார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு கவர். அதில் ரயில் ஏறி நசுங்கிய ஒரு செப்புக்காசு. தண்டவாளத்தில் காசு வைத்துக் காத்திருந்த குழந்தைப் பருவம் நம்மில் பலருக்கும் உண்டு அல்லவா?

மறு ஆண்டு வந்த குறுந்தகடு நீளமானது, கோர்வையும் வேறு. தட்டில் இரண்டே பக்கங்கள். பதற்றம், சோகம், வறுமை என்று பொருள்படும் சொற்கள் முதல் பக்கத்தின் தலைப்பு. இரண்டாம் பக்கத்துக்கு வெறுமை, நிச்சயமின்மை, அழகு. அந்த வரிசை அழகில் வந்து நிற்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

தலைப்பில் உள்ள முடிவிலிக் குறியின் பொருளும் தட்டில்தான் விளங்கும். பெரும்பாலான தட்டுகளில் இசை முடிந்ததும் ஊசி ஓசையில்லாத வரிக்குள் போய்ச் சுற்றும். இங்கே அந்தக் கடைசி வட்டத்திலும் ஒலியைப் பதித்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று; அதாவது 1.8 விநாடிக்கு ஒருமுறை அதே துணுக்கு திரும்பி வரும். நீங்கள் எழுந்து போய் ஊசியைத் தூக்கும்வரை அந்தத் துயரம் முடியாது. முதல்முறை கேட்ட இரவில் நான் வெகுநேரம் எழவில்லை. கைப்பேசி அந்த வேலையை நமக்கு வைப்பதேயில்லை, அடுத்த பாட்டுக்குத் தானே தாவிவிடுகிறது.

அதற்காக எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்காதீர்கள். வண்ணத் தட்டு, எண்ணிட்ட பிரதி என்று விலையேற்றுவதற்கெல்லாம் மயங்க வேண்டாம். தட்டின் உருவம் எந்த ஆல்பத்தில் இசையோடு கலந்திருக்கிறதோ அதை வாங்குங்கள். ஆண்டுக்கு நான்கைந்து போதும்.

இன்னொன்று. கனமான இசை தட்டின் கரகரப்பைத் தனக்குள் விழுங்கிவிடும். மெல்லிய இசை காட்டிக்கொடுத்துவிடும். லோவின் பாடல்களில் ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் இடையிலான மௌனம்தான் பாதி இசை. அக்குழுவின் டிரம் கலைஞர் மிமி பார்க்கர் நின்றபடியே, மிகச் சில டிரம்களை மட்டும் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் தூரிகைக் குச்சிகளால் வாசித்தார். அங்கே ஒரு தூசி விழுந்தாலும் அது பாட்டுக்குள் நுழைந்துவிடும். ஆகவே பழைய பிரதியை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள், நிமிர்த்தி அடுக்குங்கள், ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

அம்மாவுக்கான பதிலும் லோவிடமே இருக்கிறது. 2001இல் வெளிவந்த 'திங்ஸ் வீ லாஸ்ட் இன் தி ஃபயர்' ஆல்பத்தை ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி பதிவுசெய்தார். மிமி 2022இல் மறைந்தார். அல்பினியும் 2024இல் போய்விட்டார். அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'இன் மெட்டல்'. வளர்ந்துகொண்டே போகும் பிள்ளையின் சின்ன உடம்பை அப்படியே உலோகத்தில் பொதிந்து வைத்துக்கொள்ள முடியாதா என்று ஏங்குகிற பாட்டு. பொருளை முன்பே அம்மாவுக்குச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தைப் போட்டு, அவர் அருகில் உட்காருங்கள்.