சஸ்பென்ஷனை மாற்றினேன், இன்சூரன்ஸ் கைவிரிக்கிறது: யாரிடம் கேட்பது?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வளைவுகளில் இன்னும் நன்றாகப் பிடித்து நிற்கட்டும் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் காயில்ஓவர் செட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்) போட்டு, காரை ஓர் அங்குலம் இறக்கினேன். கூலியோடு 2,80,000 ரூபாய் ஜிபேயில் கொடுத்தேன். பில் தரவில்லை, எஸ்டிமேட் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தது. மூன்றாவது மாதம் வால்பாறையிலிருந்து இறங்கும்போது முன்பக்கம் சத்தம் கேட்டது, ஸ்டியரிங் இழுத்தது, கார் தடுப்புச்சுவரில் மோதியது. யாருக்கும் காயமில்லை. இடதுபக்க ஸ்ட்ரட்டின் (சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் தண்டின்) கீழ் போல்ட் கழன்றிருந்தது. ‘அனுமதியில்லாத மாற்றம்’ என்று இன்சூரன்ஸ் நிறுவனம் கிளெய்மை நிராகரித்துவிட்டது. ‘நீங்கள்தான் வேகமாக ஓட்டினீர்கள்’ என்கிறார் ஒர்க்‌ஷாப்காரர். நான் செய்தது குற்றமா? யாரிடம் நஷ்டத்தைக் கேட்பது?

பதில்: உயிருக்கு ஒன்றும் ஆகாமல் தப்பினீர்களே, அதுவே பெரிது. இப்போது முதல் வேலை, காரை யாரும் கழற்றாமல் பார்த்துக்கொள்வது. உங்கள் வழக்கே அந்தப் போல்ட்டில்தான் இருக்கிறது. அதன் மரை தேய்ந்திருக்கிறதா, பழைய நட்டையே திரும்பப் போட்டார்களா, வலதுபக்கப் போல்ட் எவ்வளவு இறுக்கத்தில் இருக்கிறது என்று அந்த ஒர்க்‌ஷாப்போடு தொடர்பில்லாத ஒரு ஆட்டோமொபைல் இன்ஜினியரை வைத்துப் பார்த்து, போட்டோ எடுத்து, கையெழுத்துடன் அறிக்கை வாங்குங்கள். உயரம் மாறினால் சக்கரங்களின் கேம்பரும் டோவும் (சக்கரம் சாய்ந்தும் திரும்பியும் நிற்கும் கோணங்கள்) மாறும். அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை வெளியே விடக்கூடாது. அலைன்மென்ட் அளவுகளின் பிரிண்ட் அவுட் உங்களுக்குக் கொடுக்கப்படவில்லை என்றால் அதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

சரி, குற்றமா என்ற கேள்விக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் முரண்பாடு வரும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ‘மாற்றம்’ என்றால் என்ன என்பதற்கும் அதே பிரிவில் விளக்கம் உண்டு: வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி அதன் அமைப்பில் செய்வது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளரின் மூல வடிவமைப்பை மாற்றக்கூடாது என்று கறாராகவே சொன்னது. அதே ஆண்டு வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். இன்ஜின் எண், சேசிஸ் எண், வீல்பேஸ், எடை, நிறம் எல்லாம் இருக்கும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இருக்காது. பழைய போல்ட் துளைகளிலேயே வெட்டாமல், வெல்டிங் வைக்காமல் மாட்டியிருந்தால், அது 52-வது பிரிவு சொல்லும் மாற்றமல்ல என்று வாதிட வலுவான இடமுண்டு என்பது என் கருத்து. ஆனால் 182ஏ(4)-ன் வாசகம் அகலமானது. கார் இறங்கியிருப்பதைப் பார்த்து ஓர் அதிகாரி வழக்குப் போட்டால், அதற்கும் பதில் சொல்லத் தயாராகவே இருக்க வேண்டும்.

இனி இன்சூரன்ஸ். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ‘சஸ்பென்ஷனுக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லை’ என்று இன்சூரன்ஸுக்கு ஒரு கடிதம், ‘நீங்கள் மாட்டிய சஸ்பென்ஷனால்தான் விபத்து’ என்று ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு நோட்டீஸ். இரண்டும் ஒரே நுகர்வோர் ஆணையத்தின் மேஜைக்கு வந்தால் எதுவும் நிற்காது. இரண்டு பேருக்கும் உண்மையை, ஒரே மாதிரி எழுதுங்கள்: போல்ட் சரியாக இறுக்கப்படவில்லை, அதனால் விபத்து.

அப்படி எழுதினால் இன்சூரன்ஸ் கை ஓங்கிவிடாதா? கொஞ்சம் ஓங்கும், மறைக்க மாட்டேன். பாலிசி எடுத்தபோதோ புதுப்பித்தபோதோ மாற்றம் பற்றிக் கேட்டு, நீங்கள் ‘இல்லை’ என்று சொல்லியிருந்தால் நிலைமை கஷ்டம்தான். பாலிசிக்காலத்தின் நடுவில் மாட்டியிருந்தால் நிலைமை வேறு. வாடகைக்கு ஓட்டியது போன்ற நிபந்தனை மீறல்களில் கிளெய்மை முழுதாக நிராகரிக்காமல் 75 சதவீதம் வரை கொடுக்கச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2010-லேயே இருக்கிறது. அதைக் காட்டிக் கேளுங்கள். கூடவே ஒன்று: பணத்தைக் கொடுத்தபின், தவறு செய்த ஒர்க்‌ஷாப்பிடம் அதை வசூலிக்கும் உரிமை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு வந்துவிடும். எனவே ஒர்க்‌ஷாப்காரர் ஐம்பதாயிரத்தை நீட்டி ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்துக் கேட்டால் போட்டுவிடாதீர்கள். அந்த உரிமையும் போகும், உங்கள் வாதமும் போகும்.

உண்மையில் நீங்கள் பலமாக வழக்காடக்கூடிய எதிராளி ஒர்க்‌ஷாப்தான். காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையில் கவனக்குறைவு என்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி சேவைக் குறைபாடு. பில் தராததே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. ஜிபே பதிவும் எஸ்டிமேட்டும் போதும், பயப்படாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் அதே போனில் வைத்திருங்கள். ‘வேகமாக ஓட்டினார்’ என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். வளைவில் வேகமாகத் திரும்பவே செய்யப்பட்ட ஒரு பாகத்தை விற்றுவிட்டு, மூன்றாம் மாதம் வளைவைக் காரணம் சொல்வது எடுபடாது. கார் பந்தயத்திலோ கரி ஸ்பீட்வே போன்ற டிராக்கிலோ ஓடவில்லை என்பதை மட்டும் தெளிவாக எழுதுங்கள். பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்கு சாதாரண பாலிசி செல்லாது.

முதலில் ஒர்க்‌ஷாப்புக்கு பட்டுவாடா ஆனதற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ், 15 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் நீங்கள் வசிக்கும் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். ஒர்க்‌ஷாப் எந்த ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. ஒர்க்‌ஷாப்பை முதல் எதிர்மனுதாரராகவும் இன்சூரன்ஸை இரண்டாவதாகவும் சேருங்கள். பாகத்தின் விலை, ரிப்பேர் செலவு, டோயிங், மன உளைச்சல் நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். போல்ட்டை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லியும் ஆணையத்திடம் கோரலாம். இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போவது இலவசம்தான். ஆனால் அவரால் ஒர்க்‌ஷாப்பை ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் உங்களுக்கு ஆணையத்தைச் சொல்கிறேன். அங்கே காலக்கெடு இரண்டு ஆண்டுகள். மோதிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், நிராகரிப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து அல்ல.