பேராசிரியர் ஆலோசகரானபோது: பிரெசின்ஸ்கி பற்றிய கேள்வி பதில்

(அமெரிக்க ஜனாதிபதி ஜிமி கார்ட்டரின் தேசிய பாதுகாப்பு ஆலோசகராக இருந்த ஸ்பிக்னியேவ் பிரெசின்ஸ்கி குறித்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு, திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் பதிலளிக்கிறார்.)

உவர்மலை மாணவி: சேர், பல்கலைக்கழகத்திலிருந்து நேரே அத்தகைய பதவிக்குப் போக முடியுமா?

முடியும், மகள். அப்பதவிக்குத் தேர்தலும் இல்லை, செனட் சபையின் ஒப்புதலும் தேவையில்லை. ஜனாதிபதியின் நம்பிக்கை போதும். 1928 இல் வார்சோவில் பிறந்த பிரெசின்ஸ்கி, இராஜதந்திரியான தந்தையுடன் 1938 இல் கனடா சென்றார். அடுத்த ஆண்டே போலந்தை ஜேர்மனியும் சோவியத் ஒன்றியமும் பங்குபோட்டுக்கொண்டன. மக்கில் பல்கலைக்கழகத்தில் சோவியத் தேசிய இனங்களைப் பற்றி முதுமாணி ஆய்வு செய்தவர், 1953 இல் ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கே நிரந்தரப் பதவி கிடைக்காததால் கொலம்பியாவுக்கு மாறினார். 1973 இல் வங்கியாளர் டேவிட் ரொக்கஃபெல்லருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய முத்தரப்பு ஆணைக்குழுவில் (வட அமெரிக்கா, மேற்கு ஐரோப்பா, ஜப்பான் ஆகியவற்றின் பிரமுகர்கள் கூடும் தனியார் அமைப்பு) உறுப்பினராகச் சேர்க்கப்பட்டவர்களுள் ஜோர்ஜியா மாநில ஆளுநராக இருந்த கார்ட்டரும் ஒருவர். ஆகவே 1977 இல் கிடைத்த பதவி வானத்திலிருந்து விழுந்ததன்று. ஆசிரியர் தம் மாணவரை முன்கூட்டியே தேடி வைத்திருந்தார் என்றுகூடச் சொல்லலாம்.

கிண்ணியா ஆசிரியர்: வெளிவிவகாரங்களைக் கவனிக்க இராஜாங்கச் செயலாளர் ஒருவர் இருக்கும்போது ஆலோசகருக்கு என்ன வேலை?

எல்லாத் திணைக்களங்களின் கருத்துகளையும் நடுநிலையோடு திரட்டி ஜனாதிபதியின் முன் வைப்பதே அடிப்படை வேலை. பிரெசின்ஸ்கியோ, காலைதோறும் ஜனாதிபதியைச் சந்தித்தார், வாரந்தோறும் தம் கருத்துகளை அறிக்கையாக எழுதினார், நெருக்கடிகளை ஆராயும் குழுவுக்குத் தலைமையும் தாங்கினார். வழக்கைத் தொகுத்துத் தருபவரே ஒரு தரப்பின் வழக்கறிஞராகவும் நின்றதுதான் அந்த ஏற்பாட்டின் குறை என்பது என் கருத்து. இராஜாங்கச் செயலாளர் சைரஸ் வான்ஸுடன் ஏற்பட்ட முரண்பாட்டை வெறும் குணபேதமாகப் பார்ப்பது போதாது.

உட்துறைமுக வீதி வர்த்தகர்: ஐயா, நமது துறைமுகத்துக்கும் இவருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் நல்ல கேள்வி. இலங்கையின் முயற்சியால் 1971 இல் ஐ.நா. பொதுச்சபை இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாகப் பிரகடனம் செய்தது. 1977 இல் கார்ட்டர் அரசு, இச்சமுத்திரத்தில் இரு வல்லரசுகளின் கடற்படைகளையும் மட்டுப்படுத்துவது பற்றி மொஸ்கோவுடன் பேசத் தொடங்கியது. அதே காலத்தில் எத்தியோப்பியாவின் ஒகாடன் பிரதேசத்துக்குள் சோமாலியா படையெடுக்க, சோவியத் ஆயுதங்களும் கியூபப் படையினரும் எத்தியோப்பியாவுக்குத் துணையாக வந்தனர். சோவியத்தின் இந்நடத்தையை ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சுகளோடு இணைத்தே நோக்க வேண்டும் என்று பிரெசின்ஸ்கி வாதிட்டார். அப்பிரதேசத்துக்கு அருகே விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றை அனுப்பவும் விரும்பினார். வான்ஸ் இரண்டையும் எதிர்த்தார். கப்பல் போகவில்லை, ஆனால் 1978 பெப்ரவரியோடு இந்து சமுத்திரப் பேச்சு நின்றுபோனது. மூலோபாய ஆயுதக் கட்டுப்பாடு ஒகாடன் மணலில் புதைந்து கிடக்கிறது என்று அவரே பின்னர் எழுதினார். நம்மைப் பொறுத்தவரை அம்மணலில் புதைந்தது அமைதி வலயமும்தான். ஈரான் புரட்சிக்குப் பின் இச்சமுத்திரத் தீவான டியேகோ கார்சியாவிலுள்ள அமெரிக்கத் தளம் மேலும் விரிவாக்கப்பட்டது. திருகோணமலையை இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டினதும் இராணுவப் பயன்பாட்டுக்கு விடுவதில்லை என்று 1987 இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் கடிதம் பரிமாறிக்கொண்டதை, வல்லரசுகள் நெருங்கிவந்த இந்தப் பின்னணியோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

மூதூர் வாசகர்: ஆப்கானிஸ்தான் போரை அவரே தூண்டினார் என்கிறார்களே?

அங்கிருந்த கம்யூனிச அரசை எதிர்த்த கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதமல்லாத இரகசிய உதவி வழங்கக் கார்ட்டர் கையெழுத்திட்டது 1979 ஜூலை 3 இல்; சோவியத் படைகள் நுழைந்தது டிசம்பரில். அச்சிறு உதவியே படையெடுப்பை வரவழைத்தது என்பது மிகைக் கூற்று. அதன் பிறகு பாகிஸ்தான் வழியாக ஆயுதம் பாய்ந்ததற்கு அவருக்குள்ள பொறுப்பை மட்டும் மறுக்க இயலாது.

அதே மாணவி: அவருடைய கணிப்புகள் பலித்தனவா, சேர்?

பாதி பலித்தன. தேசிய இனப் பிரச்சினையே சோவியத் ஒன்றியத்தின் பலவீனம் என்ற இளமைக்கால முடிவை 1991 இல் அவ்வொன்றியம் சிதறியது உறுதிப்படுத்தியது. ஈரான் புரட்சியின்போது அந்நாட்டு இராணுவத்தின் உறுதியான நடவடிக்கை நிலைமையைக் காப்பாற்றும் என்று நம்பியது பிழைத்தது. புரட்சிக்குப் பின் தெஹ்ரானில் பிடிக்கப்பட்ட அமெரிக்கப் பணயக்கைதிகளை மீட்க 1980 ஏப்ரலில் எடுத்த முயற்சியில் எட்டுப் படையினர் இறந்தனர், அதை எதிர்த்திருந்த வான்ஸ் பதவி விலகினார். ஆனால் 2003 இல் ஈராக் போரை வெளிப்படையாக எதிர்த்தவர்களுள் அவரும் ஒருவர். கடும்போக்காளர் என்று அவரை ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்கள் இந்த எதிர்ப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.