கரிசல் மண்ணில் குண்டுமல்லி மஞ்சளித்து நிற்கிறது. செம்மண் கொட்டினால் சரியாகுமா?

புது வீட்டின் முன்புறம் வைத்த குண்டுமல்லி ஓராண்டாகியும் மஞ்சளித்து நிற்பதாகவும், இருக்கும் கரிசல் மண்ணின் மேல் ஒரு லாரி செம்மண் கொட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொட்ட வேண்டாம் என்பதே என் பதில். விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் பல ஆண்டுகளாக மல்லிகை வளர்த்து வருகிறேன். அந்த மண்ணில் சத்து இருக்கிறது. வேருக்குக் காற்றுதான் கிடைப்பதில்லை. ஆகவே உரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், தண்ணீர் வடிவதற்கும் காற்று நுழைவதற்கும் மண்ணில் வழி உண்டாக்க வேண்டும்.

செடி இருக்கும் இடத்துக்கு அருகில் ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, அது வடிந்ததும் மீண்டும் ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் தேங்கி நின்றால் அங்கே மல்லிகை நன்றாக வராது. கரிசலில் உள்ள களிமண், ஈரம் பட்டால் உப்பிப் பெருகும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். உப்பும்போது காற்றுக்கு இடமில்லாமல் வேர் அழுகுகிறது, வெடிக்கும்போது மெல்லிய வேர்கள் அறுபடுகின்றன. இதன் மேல் செம்மண்ணைத் தனி அடுக்காகப் பரப்பினால், மேலடுக்கில் இறங்கும் தண்ணீர் களியின் தலையில் முட்டி அங்கேயே தேங்கும். மணலைக் கொஞ்சமாகக் கலப்பதும் பயன் தராது. ஏறக்குறைய பாதிக்குப் பாதி கலந்தால்தான் களியின் குணம் மாறும், அதற்குக் குறைந்தால் மண் செங்கல்லைப் போல இறுகிவிடும்.

களியைப் பொலபொலப்பாக்குவது மக்கிய பொருள்தான். தொழுவுரம், மண்புழு உரம், மக்கிய இலைதழை ஆகியவற்றில் எது கிடைக்கிறதோ அதை மூன்று நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பி, மேல் அரையடி மண்ணோடு கொத்திக் கலந்து, அந்த மண்ணையே முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தியாக அணைத்து, அதில் செடியை வையுங்கள். கொத்தும் நேரமும் முக்கியம்: ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் அழுத்தினால் அது உதிர வேண்டும், பிசின்போல ஒட்டினால் இரண்டு நாள் பொறுத்திருங்கள். ஈரக் களியை மிதித்துக் கொத்தினால் அந்தக் கட்டிகள் அடுத்த மழை வரை உடையாது. சாணத்தைப் பச்சையாகப் போடக் கூடாது, அது வேர்ப்புழுவை வரவழைக்கும். தென்னை நார்க்கழிவையும் அப்படியே சேர்க்க வேண்டாம். மக்காத நிலையில் அதில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) நூறு பங்குக்கு மேல் கரிமம் (கார்பன்) இருப்பதால், அது மக்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும்.

நடுவதற்கு இன்னும் சில மாதங்கள் பொறுக்க முடியுமானால் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கத் தொடங்கும் நேரத்தில், அதாவது சுமார் 45 நாளில், மடக்கி மண்ணில் புதைத்துவிடுங்கள். சோடியம் மிகுந்த களர் மண்ணையும் தாங்கி வளரும் பயிர் அது. அதன் வேர் இறங்கிய இடமெல்லாம் மண் திறந்துகொள்ளும். எனக்குத் தெரிந்தவரை இதைவிட மலிவான மண் சீர்திருத்தம் வேறில்லை.

இனி மஞ்சள் நிறத்துக்கு வருகிறேன். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளுத்தால் அது தழைச்சத்துக் குறைவு. நுனித் தளிர்கள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. உங்கள் செடியில் இருப்பது இதுதான் என்று தோன்றுகிறது. புது வீடு என்பதால் சிமெண்ட், சுண்ணாம்பு இடிபாடுகள் மண்ணில் கலந்திருக்கும். கரிசலிலும் சுக்கான் கற்கள் எனப்படும் சுண்ணாம்புக் கற்கள் உண்டு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்கு எட்டாது. காய்ந்த மண் ஒரு பிடியில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு நுரைக்கிறதா என்று பாருங்கள். நுரைத்தால், இடிபாட்டுத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைகளில் தெளியுங்கள். தளிர் பச்சையாகும் வரை மாதம் ஒருமுறை தெளித்தால் போதும். அதை வெறுமனே மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதைக் கட்டிப்போட்டுவிடும். ஜிப்சமும் இங்கே வேண்டாம். அது சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு மருந்தே தவிர சுண்ணாம்பு மண்ணுக்கு அல்ல.

உரத்தைப் பொறுத்தவரை, குண்டுமல்லிச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்குப் பத்துக் கிலோ தொழுவுரமும், 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 120 கிராம் சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இரசாயன உரத்தை நவம்பர் கடைசியில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யும்போது பாதியும், ஜூன் அல்லது ஜூலையில் மீதியும் இடுவார்கள். தொழுவுரத்தை இப்போதே தயங்காமல் இடுங்கள். மணிச்சத்து உரத்தை மட்டும் மண் பரிசோதனை முடிவு வந்த பிறகு இடுங்கள், ஏனென்றால் அது மிகுந்தால் இரும்புக் குறைவு இன்னும் கடுமையாகும். பரிசோதனைக்கு நாலைந்து இடங்களில் அரையடி ஆழம் வரை மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொடுத்தால் போதும்.

நம் வெயிலில் மக்கிய பொருள் வேகமாகக் கரைந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் மழைக்கு முன் தொழுவுரத்தைப் புதுப்பிக்க வேண்டும். கோடையில் தண்டை ஒட்டாமல் சருகு மூடாக்குப் போட வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ந்த இடத்தில் வெள்ளைப் படிவம் தெரிந்தால், ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடித் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பிவிடுங்கள். சேர்ந்த உப்பைக் கீழே இறக்க அந்த மழைநீர்தான் சிறந்தது.