யானே

அன்புள்ள அக்கா,

கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். போன மாதம் ஸ்டீவன்சனின் ஜெகில், ஹைட் கதையைப் படித்தேன். இரண்டு நாள் தூக்கம் இல்லை. மனிதனுக்குள் நல்லவன் ஒருவன், கெட்டவன் ஒருவன் என்று இரண்டு பேர் இருப்பதை இவ்வளவு தெளிவாக நம் பழைய இலக்கியத்தில் யாராவது சொல்லியிருக்கிறார்களா? கர்ணனை அப்படிப் பார்க்கலாமா? தஸ்தயெவ்ஸ்கியை எதிலிருந்து தொடங்குவது?

ஒரு சொந்த விஷயமும் சொல்லவேண்டும். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த கோபத்தில், அம்மா நீட்டிய சோற்றுத் தட்டைத் தட்டிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசாமல் தரையைத் துடைத்தார். அது நான் இல்லை அக்கா, எனக்குள் இருக்கும் ஹைட். அவனை எப்படி அடக்குவது?

ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

அக்கா என்று எழுதிவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். உன் கடிதம் வந்தபோது சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை என் மேஜையில் திறந்து கிடந்தது. பத்து நாளாக அந்த ஒரே பக்கத்தில்தான் இருக்கிறேன். வேறு சமயமாக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்திருக்காது.

தஸ்தயெவ்ஸ்கியை எதிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கு. தன்னைப் போலவே இருக்கும் இன்னொருவனிடம் மாட்டிக்கொண்டு தவிக்கும் குமாஸ்தாவின் கதையை 1846-லேயே எழுதிவிட்டார். ஆனால் நீ ‘குற்றமும் தண்டனையும்’ படி. கிழவியைக் கோடரியால் கொன்ற அதே ரஸ்கோல்னிகோவ், வண்டியில் அடிபட்டுச் செத்த குடிகாரனின் அடக்கத்துக்குக் கையிலிருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு வருவான். கர்ணனை இன்னொரு நாள் பார்க்கலாம்.

ஹைட்டுக்கு வருகிறேன். நீ அந்தக் கதையை அவசரமாகப் படித்திருக்கிறாய். 1886-ல் வந்த அந்தச் சின்னப் புத்தகத்தில் ‘மனிதன் ஒருவன் அல்ல, இருவர்’ என்று எழுதுவது யார்? ஜெகில். தானே கலக்கிய மருந்தைக் குடித்து ஹைட்டாக மாறுகிற டாக்டர். மாட்டிக்கொண்ட ஆள் தன் கடைசி வாக்குமூலத்தில் எழுதுவது அது. அதை ஸ்டீவன்சனின் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் தூங்காமல் இருந்திருக்கிறாய். அதே வாக்குமூலத்தில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஓர் இடம் வரும். ஹைட் செய்ததைச் சொல்லிக்கொண்டே வருகிறவர் சட்டென்று நின்று, ‘அவன் என்கிறேன், நான் என்று சொல்ல என்னால் முடியவில்லை’ என்பார். கதையின் உயிர் எனக்கு அங்கேதான் இருக்கிறது. மருந்தைக் கலக்கியது ஜெகிலின் கை. குடித்தது ஜெகிலின் வாய். ‘நான்’ என்ற ஒரு சொல் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

இப்போது மதுரைக்கு வா. கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். ராணியின் சிலம்பில் இருந்தது முத்து. இதிலிருந்து மாணிக்கம் தெறித்து மன்னன் வாயருகே பறக்கிறது. பாண்டியன் பேசுகிறான்:

‘பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட
யானோ அரசன் யானே கள்வன்’

நீ பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்பாய். மார்க் வாங்கியிருப்பாய். இன்றைக்கு மெதுவாகப் படி. யானோ என்பதில் ஒரு ஓ, யானே என்பதில் ஒரு ஏ. அந்த ஓ கேள்வி கேட்பதுபோல் வந்து மறுத்துவிட்டுப் போகிறது. அந்த ஏ அடித்துச் சொல்கிறது. நம் தெருவில் ‘நானா சொன்னேன்?’ என்று ஒருவன் தப்பிக்கப் பார்ப்பதும், ‘நான்தான் சொன்னேன்’ என்று இன்னொருவன் நெஞ்சை நிமிர்த்தி நிற்பதும் இதே ஓசைதான். பாண்டியன் இரண்டையும் ஒரே வரியில் வைக்கிறான். நீதி சொல்லும் அரசனும் அவன், திருடனும் அவன். ஆனால் இரண்டு இடத்திலும் ‘யான்’ ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பிரிக்க அவன் சம்மதிக்கவில்லை.

இன்னும் பார். அவனுக்கு எத்தனை சாக்கு இருந்தது! பொற்கொல்லன் பொய் சொன்னான். ஆட்டம் பார்த்த மன்னன்மேல் ராணி ஊடிப் போய்விட்டாள், சமாதானப்படுத்தும் அவசரத்தில் இருந்தான். இளங்கோவே ‘வினைவிளை காலம் ஆதலின்’ என்று ஒரு சாக்கைக் கையில் கொடுக்கிறார். பாண்டியன் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. கொல்லனைக்கூட எப்படிச் சொல்கிறான் என்று கவனி. ‘கொல்லன் ஏமாற்றினான்’ என்று சொல்லவில்லை. ‘கொல்லன் சொல்லைக் கேட்ட யான்.’ ஏமாற்றியது அவனாக இருக்கட்டும், கேட்டது நான். இதைத்தான் பத்து நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கோவலனும் இப்படித்தான். கண்ணகியை விட்டுவிட்டுப் போய்ச் சொத்தை அழித்தவன் என்று நமக்குத் தெரியும். அவன் சாவதற்கு முந்தி, அடைக்கலக் காதையில், மாடலன் என்ற மறையவன் வந்து வேறு ஒரு கோவலனைக் காட்டுகிறான். புகாரில் ஒருவன் ஒரு பத்தினியைப் பற்றி அவள் கணவனிடம் பொய்ச்சாட்சி சொல்லிவிட, தப்புச் செய்தவர்களைத் தண்டிக்கும் நாற்சந்திப் பூதம், சதுக்கப் பூதம், அவனைப் பாசக்கயிற்றால் கட்டிவிட்டது. அவன் தாய் கதறுகிறாள். கோவலன் பூதத்திடம் போய், என் உயிரை எடுத்துக்கொண்டு அவனை விடு என்கிறான். பூதம் மறுத்துவிடுகிறது. அந்தத் தாயையும் சுற்றத்தையும் கோவலன் பல வருடம் காப்பாற்றினான். யார் உண்மையான கோவலன் என்று கேட்காதே. ஒருத்தன்தான்.

பொய்ச்சாட்சி என்று எழுதியதும் என் அப்பா வந்துவிட்டார். இதுவரை எழுதியதில்லை. உனக்காக எழுதுகிறேன்.

அப்பா காசிமேட்டில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதினார். சாயங்காலம் தண்டையார்பேட்டை வீட்டு வாசலில் உட்காருவார். மீன் விற்கும் பெண்கள் ரேஷன் கார்டு மனு, மணியார்டர் ஃபாரம் என்று கொண்டுவருவார்கள். பச்சை மூடி போட்ட மைப்பேனா ஒன்று வைத்திருந்தார். நிப்பை நகத்தில் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிப்பார். அதனால் அவர் கட்டைவிரல் நகம் எப்போதும் நீலமாக இருக்கும். ஒரு பைசா வாங்கமாட்டார்.

1987-ல் கல்லாவில் 1,400 ரூபாய் குறைந்தது. முதலாளியின் மச்சான் எடுத்தது அப்பாவுக்குத் தெரியும். ஐஸ் பார் உடைக்கும் ஒரு பையன்மேல் பழி போட்டார்கள். பதினாறு வயது இருக்கும். அவன் கல்லாப் பக்கம் நின்றதைப் பார்த்தேன் என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பேனாவால்தான். பையனை அடித்துத் துரத்தினார்கள். அதன்பிறகு அந்தப் பக்கம் எந்த ஐஸ் கம்பெனியிலும் அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. அன்று சாயங்காலமும் அப்பா வாசலில் உட்கார்ந்து ஒரு விதவைக்கு மனு எழுதினார். பக்கத்தில் நின்று மைப்புட்டியைப் பிடித்திருந்தேன். நன்றாக எழுதினார், தம்பி. ஒரு அடித்தல் இல்லை.

இருபது வருடம் கழித்து ஒரு மத்தியானம் பேச்சு எப்படியோ அங்கே போனது. அப்பா சொன்னார், ‘அன்னிக்கு நெலம அப்படி. நான் இன்னா பண்றது?’ அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. ‘நெலமயா வந்து கையெழுத்துப் போட்டுச்சி? நீதான போட்ட.’

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வழக்குரை காதையை நான் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன்.

நீ தட்டைத் தட்டிவிட்டு ஹைட் என்று எழுதுகிறாய். எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. நைட் ஷிஃப்ட் எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும், தூக்கம் கெட்டால் எவனுக்கும் எரிச்சல் வரும். அதற்காக உன்னைத் திட்டவில்லை. சோறு போட்டவளின் முன்னால் நின்றுகொண்டு இங்கிலாந்திலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்து பழி போடுகிறாயே, அதற்குத்தான் திட்டுகிறேன். அம்மா தரையைத் துடைத்ததை எழுதியிருக்கிறாய். அப்போது நீ எங்கே நின்றிருந்தாய் என்று எழுதவில்லை. ஆனாலும் அவர் ஒன்றும் பேசாததைக் கவனித்திருக்கிறாய். கவனிக்கத் தெரிந்த பிள்ளை நீ. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அம்மா அப்படிச் சொன்ன மறுநாள், விடியற்காலை ஏல நேரத்துக்கு அப்பா காசிமேட்டுக்குக் கிளம்பிப் போனார். அந்தப் பையன் அப்போது மீன் ஏலம் எடுக்கும் இடத்தில் இருந்தான். அவனுக்கே பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள். அப்பா வெயில் ஏறித் திரும்பி வந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்து மீன் வாடை அடித்தது. ‘இருந்தான். நான்தான் எழுதிக் குடுத்தேன்னு சொல்லிட்டேன்’ என்றார்.

அவன் என்ன சொன்னான் என்று அம்மா கேட்கவில்லை. குளிக்க வெந்நீர் வைத்தார்.

அன்புடன்,
அக்கா